ஐந்தே முக்காலுக்குக் கழற்றும் லென்ஸ்

என் இடது கண்ணைக் கெடுத்தது என் கையா, என் கணவரின் கையா? இரண்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் காலையில் எழும்போது ஒரு பதில் இருக்கும். உலை கொதிப்பதற்குள் அது மாறிவிடும்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கிட்டப்பார்வை. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஏழுக்கு மேல். கண்ணாடி இல்லாவிட்டால் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்தால்தான் எழுத்து தெரியும். எதிரில் நிற்பவருக்கு முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெளிறிய வட்டம் மட்டும் தெரியும். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். அவர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேற்பார்வையாளர். குடிக்க மாட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று சொன்னாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. என் பிறந்த வீடு இருக்கும் உப்பளத்தில் அப்பா தெருவெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அவர் அடிப்பார். இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன். பட்டறையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கையில் உள்ள கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண் வரைக்கும் சுத்தமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அடி. வலது கை, விரித்த கை. அது என் இடது பக்கத்தில் விழும்.

கல்யாணமான இரண்டாவது வருடம். பாப்பாவுக்கு எட்டு மாதம், என் இடுப்பில் இருந்தாள். தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது என்று ஓர் அறை. கண்ணாடியின் இடது சில்லு உடைந்து ஒரு துண்டு புருவத்துக்குள் இறங்கிவிட்டது. ரத்தம் பாப்பாவின் தலையில் கொட்டியது. என் மாமியார் குழந்தைக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று அலறிக்கொண்டு அவளைப் பிடுங்கிப்போய்த் தலையில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தலையில் காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று தையல். கம்பவுண்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நானே சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் பெரிய பேச்சு. என் நாத்தனார், என் கணவரின் அக்கா, பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் பாரீஸ் பக்கம் இருக்கிறார். லீவுக்கு வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் பேசினார்கள். கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்ணாடியைப் பற்றித்தான் பேச்சு.

"அங்கல்லாம் இப்ப யாரு கண்ணாடி போடுறாங்க? கண்ணுக்குள்ளயே போட்டுக்குறாங்க. மெத்துனு இருக்கும். உடையவே உடையாது" என்றார் நாத்தனார்.

"அதான் சரி" என்றார் மாமியார். "உடையுற சாமானை மூஞ்சில மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா என்னிக்காவது இப்படித்தான் ஆவும். கொழந்த கண்ணுல குத்தியிருந்தா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "மெட்ராஸ்ல கெடைக்குது. கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு பிரச்சினைக்கு வழி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மெட்ராஸில் முதன்முதலாக லென்ஸைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது எதிர் மாடியில் காய்ந்த சட்டையின் பொத்தான்கள் கூடத் தெரிந்தன. அவர், "என்னா, நல்லாருக்கா?" என்று கேட்டார். சிரித்தேன்.

லென்ஸை வைத்துப் பராமரிப்பது சின்ன வேலை இல்லை. கை கழுவி, நூல் பிரியாத துணியில் துடைத்து, லென்ஸை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டு கிளீனர் விட்டு, ஆள்காட்டி விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்க்க வேண்டும். அப்புறம் உப்புத்தண்ணீரில் அலசி, டப்பாவில் போட்டு, டப்பாவோடு வேகவைக்க வேண்டும். உப்புத்தண்ணீரும் நாமே தயாரிப்பதுதான். மருந்துக்கடை உப்பு மாத்திரை ஒன்று, அதற்கு அளவான டிஸ்டில்ட் வாட்டர். டிஸ்டில்ட் வாட்டரைப் பட்டறைக்குப் பக்கத்து பேட்டரிக் கடையிலிருந்து அவரே கேனில் கொண்டுவருவார். லாரி பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர். மறக்காமல் கொண்டுவருவார், அதையும் சொல்ல வேண்டும்.

டப்பாவை வேகவைக்க எனக்குக் கிடைத்தது இட்லிப் பானை. காலையில் இட்லி இறக்கிய பிறகு அதே தட்டில் என் டப்பாவை வைத்து மூடுவேன்.

"எங்க ஊட்டு மருமவ கண்ணை அவிச்சு எடுக்குறா, வந்து பாருங்கடி" என்று மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடுவார். "சட்னி வெச்சுக்கிறியாடி?"

அவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். லென்ஸ் வெந்து வரும் வரை எனக்கு எந்த முகமும் தெரியாது. சத்தம் வரும் பக்கம் பார்த்துச் சிரிப்பேன்.

கண்ணாடி போய் லென்ஸ் வந்த பிறகு அடி குறையவில்லை. உடைய ஒன்றும் இல்லை என்பதால் கை கொஞ்சம் தாராளமானது என்றுகூடத் தோன்றும். பிறகு, அப்படி நினைப்பது பாவம் என்றும் தோன்றும். ஒருமுறை இடது லென்ஸ் தெறித்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடிப்பதற்குள் மீன் செதில் போலக் காய்ந்து விறைத்திருந்தது. உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டேன், நான்கு மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிட்டது. இன்னொரு முறை கண்ணுக்குள்ளேயே மேல் இமைக்கு அடியில் மடிந்து சொருகிவிட்டது. கீழே பார், கீழே பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இமையைப் புரட்டி விரலால் கோதி எடுப்பதற்குள் கண் பச்சை மாமிசம் போல ஆகிவிட்டது. அவர் வாசலில் நின்று, "கெடைச்சுதா? கெழிச்சுடாத. ஜாக்கிரதையா எடு" என்றார். லென்ஸைச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்புவது ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு நான் கையைக் கழுவி லென்ஸைக் கழற்றிவிடுவேன். தேய்த்து, அலசி, டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியில் மேல் தட்டில் வைப்பேன். லென்ஸ் பத்திரம். அப்புறம் அவர் வந்தால் என்ன நடந்தாலும் நடக்கட்டும். ஆனால் லென்ஸ் இல்லாமல் எனக்குக் கை வருவது தெரியாது. தெரிந்தால் ஒதுங்கலாம், ஆனால் பட்டுவிட்டால் லென்ஸ் போய்விடும். தெரியாவிட்டால் லென்ஸ் தப்பிக்கும், முழு அடியும் கன்னத்தில். இதில் எது நல்லது என்று எத்தனையோ சாயங்காலம் யோசித்திருக்கிறேன். லென்ஸ் ஒரு ஜோடிதான் இருந்தது. கன்னம் இரண்டு நாளில் சரியாகிவிடும். அப்படித்தான் என் கணக்கு.

பாப்பாவுக்கு நான்கு வயது ஆனபோது ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற மாதிரி தேய்த்தாள். துணியில் துடைத்தாள். பொம்மையின் கண்ணில் விரலை வைத்து எதையோ கிள்ளி எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு குரலை மாற்றி, என் குரலில், "எடுத்துட்டேங்க. இப்ப அடிங்க" என்றாள். பொம்மையைத் தரையில் ஓங்கி அடித்தாள். ஒரு தடவை இல்லை. கை ஓய்கிற வரைக்கும்.

நான் எழுந்து போய் அவளைத் தடுக்கவில்லை. மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். நான் கையைக் கழுவப் போகும்போதெல்லாம் அவள் ஏன் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் நாத்தனார் வந்தபோது ஒரு புதுப் பாட்டில் கொண்டுவந்தார். கிளீனர் வேண்டாம், உப்பு மாத்திரை வேண்டாம், வேகவைக்கவும் வேண்டாம். தேய்க்க, அலச, கிருமி சாக, ஊறவைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

"அப்ப இட்லிப் பானைக்கு விடுதலைன்னு சொல்லு" என்றார் மாமியார்.

பாட்டிலில் பிரெஞ்சில் பொடி எழுத்து. பள்ளியில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்திருக்கிறேன். அகராதி வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. டப்பாவில் உள்ள பழைய திரவத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்க்கக் கூடாது.

முதல் மாதம் அப்படியே செய்தேன். ஒரு நாள் நான் டப்பாவைக் கவிழ்ப்பதை மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னாடி இது, பாரீஸுலேர்ந்து கொண்டாந்தத வாசல்ல கொட்டுற? சாக்கடைக்கா கண்ணு தெரியல?"

"பழசை ஊத்திடணும்னு எழுதியிருக்கு அத்தை."

"எழுதுறவன் எழுதுவான், அவனுக்குப் பாட்டில் விக்கணும். ஒரு சொட்டு ரெண்டு சொட்டு மேல ஊத்திக்க."

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த பாட்டில் ஒரு வருடம் கழித்துத்தான் வரும். மேலே இரண்டு சொட்டு ஊற்ற ஆரம்பித்தேன். நான் படித்தவள், நோட்டில் எழுதி வைத்தவள், தெரிந்தே செய்தேன். பாட்டில் ஏழு மாதம் வந்தது. ஏழாவது மாதம் திரவத்தில் வாடை லேசாக மாறின மாதிரி இருந்தது. மாறவில்லை என்றும் இருந்தது. பயந்துபோய் நாத்தனாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். யாராவது ஊருக்கு வந்தால் ஒரு பாட்டில் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

நாத்தனார் பதிலைத் தன் தம்பிக்கு எழுதிவிட்டார், பட்டறை விலாசத்துக்கு. கடிதம் வந்த அன்றைக்குப் பட்டறையில் கரண்ட் இல்லை. என் கணவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் லென்ஸ். அவர் கைகூடக் கழுவவில்லை. கடிதம் கையில் இருந்தது.

"எங்க அக்காகிட்ட கையேந்துறியா நீ?"

"இல்லீங்க, மருந்து பழசாயிடுச்சு, அதான்..."

"நான் வாங்கிக் குடுக்க வக்கில்லாதவன்னு எழுதினியா? அவங்க ஊட்டுல எல்லாரும் படிச்சுச் சிரிச்சிருப்பாங்கடி."

கை வருவதை முழுசாகப் பார்த்தேன். விரல்களில் கிரீஸ் கறுப்பாக இருந்ததைக்கூடப் பார்த்தேன். ஒதுங்கியிருக்கலாம். மடியில் கீரை இருந்தது. முதல் அடி கண்ணோடு சேர்ந்து விழுந்தது. இரண்டாவதில் சுவரில் மோதினேன். முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் அழுத்தினார். நான்காவது, ஐந்தாவது என்று எண்ணிக்கொண்டு வந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். மாமியார் சமையலறை வாசலில் நின்று, "போதும்டா, போதும்டா, தெருவுல கேக்குது" என்றார். வாய்க்குள் கீரையும் ரத்தமும் ஒன்றாக இருந்தன.

அவர் விட்டதும் இடது பக்கம் மங்கிவிட்டது. லென்ஸ் கண்ணில் இல்லை. தரையில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். பாப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தாள். வாசற்படி ஓரத்தில் குனிந்து எதையோ ஒரு விரலில் ஒட்டி எடுத்தாள்.

"அம்மா, இந்தா உன் கண்ணு."

மண் ஒட்டியிருந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சரியாக நினைவில்லை. குழாயில் காட்டினேனா? பாட்டில் திரவத்தில் மட்டும் அலசினேனா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் இன்னும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். டப்பாவில் இருந்த பழையதிலேயே போட்டு மேலே இரண்டு சொட்டு விட்டு மூடினேன். மறுநாள் காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அதே லென்ஸைப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கண்ணுக்குள் கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி வைத்த மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் பட்டால் கத்தினேன். மாமியார் விளக்கெண்ணெய் விட்டார், சூடு என்றார். விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கருவிழியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

அவர்தான் என்னைக் கோரிமேட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துத் துண்டால் கண்ணை மறைத்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, ஒரு சின்னக் கத்தியால் புண்ணைச் சுரண்டி எடுத்தார். வலி இல்லை. ஆனால் கத்தி என் கண்ணின் மேல் நகர்வது நிழலாகத் தெரிந்தது.

"லென்ஸை எதுல கழுவினீங்க? பழைய சொல்யூஷனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா டாக்டர். சுத்தம் பத்தல."

"அப்படியாம்மா?"

"ஆமாம் டாக்டர். பழசோட புதுசை ஊத்தினேன்" என்றேன். பொய் இல்லையே.

"படிச்சவங்கதானே? எழுதியிருக்கிறதைப் பாக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் கோபப்பட்டார். கன்னத்து வீக்கத்தை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் முந்தானையைப் போர்த்தியிருந்தேன்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அவரே விட்டார். கையைக் கழுவி, துடைத்து, என் இமையைப் பூ மாதிரி பிரித்து விடுவார். ஒரு நாள் மருந்து விடும்போது அவர் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. இனிமேல் அடிக்க மாட்டார் என்று நினைத்தேன். புண் ஆறியது. தழும்பு மட்டும் வெள்ளையாக நின்றுவிட்டது. இடது கண்ணால் இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரியும், முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரியும்.

ஐந்து மாதம் அடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் அடித்தார். இடது பக்கத்திலிருந்துதான். இப்போது அந்தப் பக்கம் லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குக் கை தெரியாது. அவருக்கு அது நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். இருக்கும் என்றும் சில நேரம் நினைக்கிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அதே டாக்டரைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு லென்ஸ் போடலாமா, கண்ணாடியா என்று கேட்கத்தான் போனேன். அவர் பெரிய கருவியை வைத்து வலது கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டு, என் காதுக்குக் கீழே இருந்த ஊதா நிறத்தையும் புருவத்துத் தழும்பையும் பார்த்தார். என் கணவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "மருந்து கவுண்டர்ல கூட்டமா இருக்கும், இப்பவே போய் நில்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கதவு சாத்தியதும் கேட்டார்: "யாராவது அடிக்கிறாங்களாம்மா?"

நான் முந்தானையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.

"போன தடவை நீங்க சொன்னதை நம்பி அழுக்குத் தண்ணின்னுதான் எழுதினேன். அது பாதி உண்மையா இருக்கலாம். பவர் அதிகமான கண்ணு உங்களுது, உள்ள திரை மெலிசா இழுத்துப் போயிருக்கு. இந்த வலது கண்ணுல ஓரத்துல ஒரு இடம் நைஞ்சிருக்கு. ஒரு பலமான அடி போதும், கிழிஞ்சிடும். பாக்குறதுக்கு உங்களுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். என்ன சொல்யூஷன் போட்டுக் கழுவினாலும் அதைத் தடுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"நீங்க வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும். எழுதினா போலீசுக்குத் தகவல் போகும். யோசிச்சு அடுத்த தடவை சொல்லுங்க. அவரை நான் மறுபடியும் கவுண்டருக்கு அனுப்புறேன். அஞ்சு நிமிஷம் கிடைக்கும்."

வீட்டுக்கு வந்தால் மாமியார் ஒரு பாட்டிலை நீட்டினார். ஊருக்கு வந்த யாரிடமோ நாத்தனார் கொடுத்தனுப்பியிருக்கிறார், புதுசு, சீல் பிரிக்காதது. "ஒரு கண்ணுக்குத்தான இனிமே, ரெண்டு பங்கு நாளு வரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

என் அப்பாவிடம் போனேன். "அவரு குடிக்கிறதில்லையேம்மா" என்றார். அம்மா எனக்குச் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் பாப்பாவும் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த தடவை என்பது வருகிற செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசகர்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். கணவர் கவுண்டரில் வரிசையில் நிற்க, ஐந்து நிமிடத்தில் எதை முதலில் சொன்னீர்கள்? போலீஸ் உங்கள் கணவரிடம் பேசிய அந்தச் சாயங்காலம் எங்கே போனீர்கள், குழந்தையை யாரிடம் விட்டீர்கள்? பிறந்த வீடு திறக்காதவர்களுக்கு வேறு எந்த வீடு திறந்தது? ஏழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணோடு, பி.ஏ. படித்தவள் என்ன வேலைக்குப் போகலாம்? சொல்லாமலே இருந்து கண்ணைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பதிலைப் பத்திரிகைக்கு எழுதுங்கள். என் வீட்டு விலாசம் வேண்டாம்.